47 லட்சம் புள்ளிகள் எங்கே போயின?

மேஜைமேல் இரண்டு கேமராக்கள். இரண்டும் கேனான் பவர்ஷாட் வரிசை. பழையது ஜி10, 2008 செப்டம்பரில் அறிவித்தார்கள். புதியது ஜி11, ஓராண்டு முடிவதற்குள், 2009 ஆகஸ்டில் அறிவிப்பு வந்துவிட்டது. இன்று அதைப் போய்ப் புதியது என்றால் சிரிப்பார்கள். இரண்டையுமே நான் செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன்.

லென்ஸ் இரண்டிலும் ஒன்றுதான். 28 மி.மீ.யிலிருந்து 140 மி.மீ. வரை ஐந்து மடங்கு ஜூம், எஃப்/2.8-இல் தொடங்கி முழு ஜூமில் எஃப்/4.5. பேட்டரி ஒன்றுதான், இதிலிருந்து கழற்றி அதில் போடலாம். உள்ளே கணக்குப் போடும் சிப் கூட அதே டிஜிக் 4. மேலே ஒளியுணர்வைக் கூட்டிக் குறைக்கும் ஐ.எஸ்.ஓ. குமிழும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஜி11-இன் பின்பக்கத் திரை ஜன்னல் கதவுபோல் திறந்து திரும்பும்; பழையதில் அந்த வசதி இல்லை. ஆனால் அட்டைப்பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். பழையது 14.7 மெகாபிக்ஸல். புதியது 10.

மெகா என்றால் பத்து லட்சம். ஆக ஜி10-இல் 1 கோடியே 47 லட்சம் பிக்ஸல்கள், ஜி11-இல் 1 கோடி. புதிய மாடலில் 47 லட்சம் குறைவு.

அந்தக் காலத்தில் கேமராக் கடைக்குப் போனவர்களுக்கு இது எவ்வளவு விநோதம் என்று தெரியும். கடைக்காரர் முதலில் சொல்வதும் வாங்க வந்தவர் முதலில் கேட்பதும் மெகாபிக்ஸல்தான். ஜி வரிசையும் 2000-இல் 3.3-இல் தொடங்கி, 2006-இல் 10, 2007-இல் 12.1, 2008-இல் 14.7 என்று படியேறிக்கொண்டே வந்தது. அடுத்த ஆண்டு யாரும் எதிர்பாராமல் இரண்டு படி இறங்கியது. விற்பனைப் பிரிவில் யாருக்காவது தூக்கம் கெட்டிருக்கும்.

ஏன் இறங்கியது என்று பார்க்க, லென்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சென்சாரிடம் போகவேண்டும். அதன் அளவு '1/1.7 இஞ்சு' என்று எழுதியிருக்கும். இது ஒரு பழைய பொய். 1/1.7 இஞ்சு என்பது கிட்டத்தட்ட 15 மி.மீ.; சென்சாரின் மூலைக்கு மூலை நீளமோ 9.5 மி.மீ.தான். டி.வி. கேமராக்களில் கண்ணாடிக் குழாய் இருந்த நாளில் குழாயின் வெளிச்சுற்று விட்டத்தைத்தான் அளவாகச் சொன்னார்கள். படம் விழும் பரப்பு அதற்குள்ளே சிறியதாக இருக்கும். குழாய் போய்ப் பல காலம் ஆகிவிட்டது, அளவு சொல்லும் வழக்கம் மட்டும் போகவில்லை. உண்மையில் அந்தச் சென்சார் ஏறக்குறைய 7.6 மி.மீ.க்கு 5.7 மி.மீ. ஒரு வெள்ளைக் கொண்டைக்கடலையை அதன்மேல் வைத்தால் பெரும்பகுதி மறைந்துவிடும்.

அந்தக் கடலையளவு இடத்தில்தான் 1 கோடியே 47 லட்சம் கட்டங்கள். ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 1.7 மைக்ரான். தலைமுடி ஒன்றைக் குறுக்கே கிடத்தினால் அதன் தடிமனுக்குள் நாற்பது கட்டங்கள் அடங்கும். ஜி11-இல் கட்டத்தின் பக்கம் 2 மைக்ரானுக்குச் சற்று மேல்.

இவ்வளவு சின்ன இடத்தில் ஒளியைப் பிடிக்கப்போனால் ஒளியின் ஒரு குணம் வெளியே வருகிறது. வெயிலில் நிற்கும்போது அது நமக்குத் தெரிவதில்லை. ஒளி தண்ணீர்போல் ஒழுகி வருவதில்லை. ஃபோட்டான் என்ற தனித்தனிப் பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு வரும், ஒன்று வந்ததால் அடுத்தது வரும் என்றில்லை.

ஒரு தெருவில் ஒரே ஒரு டீக்கடை. காலை ஆறிலிருந்து ஏழுவரை சராசரியாக நூறு பேர் வருகிறார்கள். யாரும் யாரிடமும் சொல்லிவைத்துக்கொண்டு வருவதில்லை. அதனால் ஒரு நாள் 93, மறுநாள் 108, இன்னொரு நாள் 99. இப்படித் தற்செயலாக வருபவர்களை எண்ணினால், எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் சராசரியின் வர்க்கமூலத்தை ஒட்டி இருக்கும். நூறுக்கு வர்க்கமூலம் பத்து. அதாவது பத்து சதவீத ஆட்டம். இப்போது அதே தெருவில் நான்கு கடைகள் வைத்து, அதே நூறு பேர் பிரிந்து போகிறார்கள் என்று வையுங்கள். கடைக்கு 25 பேர். வர்க்கமூலம் ஐந்து, இருபத்தைந்தில் ஐந்து என்றால் இருபது சதவீதம். ஒரு கடையில் இன்று 19, பக்கத்துக் கடையில் 31. தெருவில் கூட்டம் மாறவில்லை, ஒவ்வொரு கடைக்காரரின் கல்லா மட்டும் கூடுதலாக ஆடுகிறது.

படத்தில் இந்த ஆட்டத்துக்குத்தான் நாய்ஸ் என்று பெயர். ஒரே சீராக இருக்கவேண்டிய சுவரில் ஒரு பிக்ஸல் 19 என்றும் பக்கத்தது 31 என்றும் சொன்னால், சுவர் மணல் தெளித்தாற்போல் ஆகிவிடும். ஐ.எஸ்.ஓ. 80-இல் எடுப்பதைவிட 800-இல் எடுக்கும்போது சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி பத்தில் ஒரு பங்கு. கடைக்கு வரும் ஆளே குறைந்துபோனால் ஆட்டம் இன்னும் மோசமாகும். ஒன்பது பேர் வரும் கடையில் மூன்று பேர் கூடினாலும் குறைந்தாலும் மூன்றில் ஒரு பங்கு ஆட்டமல்லவா!

பூஜை அலமாரியில் விளக்கேற்றியிருந்த ஒரு மாலை, மின்விளக்கை அணைத்துவிட்டு இரண்டு கேமராவிலும் ஐ.எஸ்.ஓ. 800-இல் படமெடுத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கினால், ஜி10 படத்தில் விளக்குக்குப் பின்னால் இருந்த மஞ்சள் சுவரின் நிழலில் சிவப்பும் பச்சையுமாகக் கோலப்பொடி சிந்தியிருந்தது. சுவாமி படத்தில் சாத்தியிருந்த மல்லிகைச் சரம் இன்னும் பரிதாபம். கேமரா தானே நாய்ஸைத் தேய்த்துத் துடைக்கப் பார்த்ததில் இதழ்களும் சேர்ந்து குழைந்து பஞ்சாகிவிட்டன. ஜி11-இல் பொடி குறைவு. மல்லிகையில் மொட்டு எது, மலர்ந்தது எது என்று சொல்ல முடிந்தது.

சாம்பல் புள்ளியாக இல்லாமல் கலர்ப்பொடியாக ஏன் தெரிகிறது? பிக்ஸல் பிறவியிலேயே நிறக்குருடு. எத்தனை ஃபோட்டான் என்று சொல்லும், என்ன நிறம் என்று சொல்லாது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு பிக்ஸலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரு கண்ணாடி மாட்டிவிடுகிறார்கள். பாதிக்குப் பச்சை, மீதியில் பாதிப்பாதி. தன்னிடம் இல்லாத இரண்டு நிறங்களை ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக்கொள்கிறது. சிவப்புக் கண்ணாடி போட்டவர் ஒருவர் எண்ணிக்கையில் தவறினால், அந்தத் தவறு சிவப்புக் கறையாக அக்கம்பக்கமெல்லாம் பரவிவிடும்.

இதுவரை சொன்னதை வைத்து, பெரிய பிக்ஸல் நல்லது, சின்னது கெட்டது என்று முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடித்தார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. டீக்கடைக்கே திரும்பப் போவோம். நான்கு கடைக் கல்லாவையும் இரவில் ஒன்றாகக் கொட்டி எண்ணினால் அதே நூறு, அதே பத்து சதவீத ஆட்டம். லென்ஸ் அதே, கடலையின் பரப்பு அதே என்றால் உள்ளே வரும் மொத்த ஒளியும் அதேதான். ஜி10 படத்தை ஜி11 படத்தின் அளவுக்குச் சுருக்கினால், ஃபோட்டான் ஆட்டத்தைப் பொறுத்தவரை வித்தியாசம் கரைந்துவிடும்.

கணக்குப் போட்டால் வேடிக்கையாக இருக்கிறது. ஜி11-இன் ஒரு பிக்ஸல், ஜி10-இன் பிக்ஸலைவிடப் பரப்பில் 1.47 மடங்கு. ஆட்டம் குறைவது அதன் வர்க்கமூலத்தால், அதாவது 1.21 மடங்கு. ஜி10 படத்தின் அகலம் 4416 பிக்ஸல், ஜி11 படத்தின் அகலம் 3648. வகுத்துப் பாருங்கள், அதுவும் 1.21. நுணுக்கத்தில் எவ்வளவு விட்டார்களோ, அதே அளவுதான் தெளிவில் பெற்றார்கள்.

அப்படியானால் மல்லிகை பிழைத்தது எப்படி? இங்கேதான் எண்ணுகிறவர் வருகிறார். இரண்டு கேமராவிலும் இருப்பது சி.சி.டி. வகைச் சென்சார். கட்டட வேலையில் செங்கலைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுவதுபோல், ஒவ்வொரு பிக்ஸலிலும் சேர்ந்த எலெக்ட்ரான்கள் பக்கத்துக்குப் பக்கம் நகர்ந்து ஓரத்துக்கு வரும், அங்கே எண்ணப்படும். எண்ணும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் சில எலெக்ட்ரான் அளவுக்குத் தப்பு நேரும். கல்லாவில் நூறு பேர் காசு இருந்தாலும் ஐந்து பேர் காசு இருந்தாலும் தப்பின் அளவு ஒன்றே. வெயிலில் அது பொருட்டல்ல. இருட்டில், ஐந்து பேர் காசை எண்ணும்போது, அதுவே பெருந்தப்பு. நான்கு கல்லாவை நான்கு தடவை எண்ணிக் கூட்டினால், ஒரே கல்லாவை ஒருமுறை எண்ணுவதைவிட இந்தத் தப்பு இரண்டு மடங்கு. போதாததற்கு, செங்கல் போகும் பாதைக்கும் இடம் விடவேண்டும்; அந்த இடத்தில் ஒளி படக்கூடாது. கட்டம் சின்னதாகச் சின்னதாக, வீட்டைவிடச் சந்துக்கே அதிக இடம் போகிறது. ஜி11-க்கு இருட்டில் கூடுதலாக உணரும் வேறு சென்சாரைப் போட்டார்கள், நாய்ஸ் துடைக்கும் கணக்கையும் திருத்தினார்கள். இரண்டையும் சேர்த்து 'டூயல் ஆன்ட்டி-நாய்ஸ் சிஸ்டம்' என்று பெயரும் வைத்தார்கள். மல்லிகைக்குக் கிடைத்த பலனில் பெரும்பங்கு இதிலிருந்து வந்தது என்பது என் ஊகம்.

சி.சி.டி.யைக் கண்டுபிடித்த வில்லார்ட் பாய்லும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தேடிக்கொண்டிருந்தது கேமராவை அல்ல, கம்ப்யூட்டருக்கான புதுவகை நினைவகத்தை. அதற்காகப் போட்ட வரைபடம் படம் பிடிக்கும் சிப்பாக வளர்ந்தது. அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது 2009 அக்டோபரில். ஜி11 அப்போதுதான் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தது.

சென்சாரை விட்டாலும் லென்ஸ் விடாது. ஒளி ஒரு துளை வழியே புகும்போது விளிம்பில் சிதறி விரியும். எவ்வளவு உசத்தியான லென்ஸானாலும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே காட்டாது, சிறு வட்டத் திட்டாகத்தான் காட்டும். பச்சை ஒளிக்கு எஃப்/4.5-இல் அந்தத் திட்டின் விட்டம் சுமார் 6 மைக்ரான். முழு ஜூமில் ஜி10-ஆல் இதைவிடக் கூர்மையாகப் பார்க்கவே முடியாது. ஒரு திட்டின் குறுக்கே மூன்றரைப் பிக்ஸல் உட்கார்ந்திருக்கும். துளையைச் சுருக்கி எஃப்/8-க்குத் திருகினால் ஆறு பிக்ஸல். மங்கலான ஒன்றை ரொம்ப நுணுக்கமாக அளந்து வைப்பதில் என்ன லாபம்?

ஆனாலும் ஜி10-ஐத் தூக்கிப்போட மனம் வராது. நல்ல வெளிச்சத்தில், ஐ.எஸ்.ஓ. 80-இல் அது கெட்டிக்காரக் கேமரா. கனடாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் மைக்கேல் ரைக்மன் 2008-இல் ஒரு வேலை செய்தார். ஹாஸல்பிளாடில் மாட்டிய 39 மெகாபிக்ஸல் ஃபேஸ் ஒன் கருவியில் எடுத்த படத்தையும் ஜி10 படத்தையும் 13-க்கு 19 இஞ்சுத் தாளில் அச்சிட்டு, தொழில் தெரிந்தவர்களிடம் எது எது என்று கேட்டார். அவர்களால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

இறங்கிய படியில் கேனான் 2010-இலும் நின்றது. ஜி12-உம் 10 மெகாபிக்ஸல்தான். ஜி11-இல் இல்லையே என்று பலர் குறைப்பட்ட ஹெச்.டி. வீடியோ அதில் வந்தது. 2012-இன் ஜி15-இல் சி.சி.டி. போய் சிமாஸ் என்ற வேறு வகைச் சென்சார் வந்தது, எண்ணும் 12-க்கு ஏறியது. பிறகு போன்கள் இந்தப் பந்தயத்தையே தலைகீழாக்கின. 2020-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்20 அல்ட்ராவில் 108 மெகாபிக்ஸல். ஒரு பிக்ஸலின் பக்கம் வெறும் 0.8 மைக்ரான். ஆனால் சாதாரணமாக அது தருவது 12 மெகாபிக்ஸல் படம்தான். ஒன்பது பிக்ஸல்களின் கல்லாவை ஒன்றாகக் கொட்டி ஒரே கணக்காக எழுதிவிடுகிறது.

பூஜை அலமாரிப் படங்களை ஸ்டுடியோவில் கொடுத்து நாலுக்கு ஆறு இஞ்சில் பிரின்ட் போட்டேன். அந்த அளவுக்கு 22 லட்சம் பிக்ஸல் தாராளம். ஜி10 படத்தில் கிட்டத்தட்ட ஏழு பிக்ஸல்கள் சேர்ந்து ஒரு புள்ளி ஆகிவிடும். கோலப்பொடி அதில் அமுங்கிப்போனது. இரண்டு பிரின்டும் அலமாரி ஓரத்தில்தான் சாய்த்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் பென்சிலால் குறித்துவைக்க மறந்துவிட்டேன். எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.