தேநீர்க் கடைகளும் கணக்கு யந்திரமும்

பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கணக்கெழுதும் திறமையும் சுருக்கெழுத்துமே ஆதி மூலதனம் என்றால் மிகையாகாது. பேரேட்டில் வாழ்நாளைக் கழித்த நம் பெரியோர், எழுதிக் குவித்தவற்றை எவர் படித்தனர் என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இன்று அலுவலகந்தோறும் இயங்கும் வணிக மென்பொருள் இக்கேள்வியை எதிர்கொள்ளவே தோன்றியது. தோன்றிய இடமோ, விந்தையிலும் விந்தை, ஒரு தேநீர்க் கம்பெனி!

லண்டனில் 1894-ஆம் ஆண்டு முதல் தேநீர்க் கடையைத் திறந்த லயன்ஸ் கம்பெனி, பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட கடைகளை நடத்திற்று. ரொட்டியிலும் கேக்கிலும் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். ஆகவே சில்லறைக் கணக்கே அதன் உயிர்நாடி. 1947-இல் அமெரிக்கா சென்று வந்த அதன் அதிகாரிகள் இருவர், விஞ்ஞானிகளின் கணிப்பொறி அலுவலகத்துக்கும் உதவும் எனக் கண்டனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் உருவாகிவந்த கணிப்பொறிக்குக் கம்பெனி 3,000 பவுன் அளித்து, அதைப் பின்பற்றித் தனக்கென ஒன்றை அமைத்துக்கொண்டது. 'லியோ' என்பது அதன் பெயர். 1951 நவம்பரில் அது ரொட்டிச் சாலைகளின் உற்பத்தி மதிப்பைக் கணக்கிடத் தொடங்கிற்று. அன்றாட வணிக வேலையைக் கணிப்பொறி ஏற்றது உலகில் அதுவே முதன்முறை என்பர். ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிடத் தேர்ந்த குமாஸ்தாவுக்கு எட்டு நிமிடம் பிடித்தது. லியோவுக்கு ஒன்றரை விநாடி.

வேகம் கிடக்கட்டும். 1954-இல் தொடங்கிய சரக்கு அனுப்பும் ஏற்பாடே நம் கருத்தைக் கவர்வது. ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய வழக்கமான தேவை முன்பே பதிவாகியிருந்தது. கடையை நிர்வகிக்கும் அம்மையார் நாள்தோறும் தொலைபேசியில் மாறுதலை மட்டும் தெரிவிப்பார். தலைமை அலுவலகப் பெண்கள் கேட்டவாறே அட்டையில் துளையிடுவர். இரண்டையும் இணைத்து, எக்கடைக்கு என்ன அனுப்புவது, அதற்கு விலை எவ்வளவு என்று லியோ பட்டியலிடும். சரக்குக் கட்டுவோருக்கு ஒரு பட்டியல், கணக்கருக்கு மற்றொன்று, மேலாளருக்குப் புள்ளிவிவரம்: யாவும் ஒரே துளையிலிருந்து பிறந்தவை! முன்போ ஒரே எண்ணை நால்வர் நான்கு ஏடுகளில் எழுதவேண்டியிருந்திருக்கும்.

நம் பேட்டையின் மருந்துக் கடையிலும் இதே முறையைக் காணலாம். பெட்டியின் கோட்டுக் குறியை ஒளிக்கருவி படித்ததும் ரசீது உருவாகிறது, வரிக் கணக்கு ஏறுகிறது, இருப்புக் குறைகிறது, குறித்த அளவுக்குக் கீழ் இறங்கினால் புதுச் சரக்குக்கு நினைவூட்டு வருகிறது. ஆனால் நான்கு வகைச் சோப்பு வாங்குபவருக்கு, அவசரத்தில் ஒன்றையே நான்கு முறை பதிவு செய்கிறார் கடைப் பையன். விலை ஒன்றே, வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. யந்திரமோ ஒரு சோப்புத் தீர்ந்ததென்றும் மற்ற மூன்றும் விற்பனையே ஆகவில்லையென்றும் முதலாளிக்கு அறிவிக்கும். அதை நம்பி அவர் சரக்கு வரவழைப்பார்.

லண்டன் அம்மையார் திடீர் மழையைக் கண்டு நாளைக்குக் கேக்கைக் குறைக்கலாம் என்று கருதியிருந்தால், அம்மழை லியோவுக்குத் தெரிய வழி ஏது? அவர் சொன்னால்தான் உண்டு. நம் இளைஞர் பலர் இன்று இத்தகைய மென்பொருளை எழுதுகின்றனர். வீட்டிலேயே ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் இருப்பின், மாதக் கடைசியில் முதலாளி முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டினார் என்று அவரிடம் கேட்டுப் பார்க்கலாமே!