பலகையும் பந்தியும்: லீக் நடத்துவது பற்றி

தொரப்பள்ளியில் உட்கார்ந்துகொண்டு மதுக்கூட விளையாட்டைப் பற்றி எழுதுவது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. 1878இல் இங்கே பிறந்த ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். ஓசூரும் அதற்குள்தான் இருந்தது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. பிறகு 1971இல் மதுவிலக்குத் தள்ளிவைக்கப்பட்டது, 1974இல் திரும்ப வந்தது, மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையும் அரசு கையில். வரியும் போகவில்லை, சாராயமும் போகவில்லை.

இந்தக் கதையாடல் முழுக்கக் குடி என்பது ஒன்று வருமானம், இல்லையென்றால் ஒழுக்கம். குடிக்கிற 'இடம்' பற்றி, அங்கே மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் என்ன செய்துகொள்கிறார்கள் என்பது பற்றி, முற்போக்காளர்களும் பேசியதில்லை. (தகடூர் நமக்குப் பக்கம்தான். அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூறு 235 அவன் போரில் நின்றதற்கு முன்பாக அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்டதைத்தான் நினைக்கிறது.)

இங்கிலாந்தில் 'பப்' என்பது அப்படியொரு இடம். அங்குள்ள டார்ட்ஸ் விளையாட்டு பார்க்கச் சாதாரணம். சுவரில் வட்டப் பலகை, 1 முதல் 20 வரை எண்கள். 7 அடி 9¼ அங்குலம் தள்ளி நின்று, முறைக்கு மூன்று அம்புகள் எறியவேண்டும். 20க்கு இரண்டு பக்கமும் 1உம் 5உம் இருக்கும். பேராசைப்பட்டுக் குறி தவறினால் கிடைப்பது அதுதான். 501இலிருந்து கழித்துக்கொண்டே வந்து, விளிம்பிலுள்ள இரட்டை வளையத்திலோ நட்டநடுப் புள்ளியிலோ அடித்துச் சரியாகப் பூஜ்யத்தில் முடிக்கவேண்டும். சாக்பீஸில் கணக்கு எழுதுகிறவனும் ஆட்டக்காரர்களில் ஒருவன்தான்.

எனக்கு அக்கறை ஆட்டத்தில் இல்லை, 'லீக்'கில். ஒவ்வொரு பப்புக்கும் ஓர் அணி. இந்த வாரம் உங்கள் இடம், இன்னொரு வாரம் எங்கள் இடம். வருகிற அணிக்கு இடைவேளையில் சாண்ட்விச் போடுவது விருந்தளிக்கும் பப்பின் பொறுப்பு. அட்டவணை போட, சந்தா வாங்க, தகராறு தீர்க்க ஒரு செயலாளர். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. 1920களிலும் 30களிலும் மது ஆலைகள் இதை வளர்த்துவிட்டன. கூட்டமில்லாத வார நாளில் பீர் விற்கவேண்டுமே. ஆக, இதைத் தொழிலாளர் பண்பாடு என்று புல்லரிக்கவும் முடியாது, முதலாளியின் சூழ்ச்சி என்று தள்ளவும் முடியாது. பலகை பப்காரனுடையது, விதி ஆடுகிறவர்களுடையது. அவனோடு தகராறு என்றால் அணி மொத்தமும் அம்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த பப்புக்குப் போய்விடும். பப்புக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது. சொகுசு நாற்காலிக்காரர்களுக்குத் தனி அறை, வேலைக்காரச் சட்டைகளுக்குத் தனி அறை, டார்ட்ஸ் பலகை தொங்கியது பெரும்பாலும் இரண்டாவதில். பெண்கள் வெகுகாலம் வெளியேதான். தொழில்முறை உலகப் போட்டியில் ஒரு பெண் (ஃபாலன் ஷெராக்) ஓர் ஆணை முதன்முதலில் தோற்கடிக்க 2019 டிசம்பர் ஆயிற்று.

நம்மூர் டாஸ்மாக் பாரில் இதைக் கற்பனை செய்து பாருங்கள். முடியாது. அது குடித்துவிட்டுக் கிளம்புவதற்கான இடம். எல்லை தாண்டிய பெங்களூர் பப்பில் ஒரு கோப்பை பீருக்கு சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளி அரைநாள் கூலியைக் கொடுக்கவேண்டியிருக்கும். நம்மிடம் விளையாட்டு குடியை விட்டுப் பிரிந்து படிப்பகத்துக்கும் ரசிகர் மன்றத்துக்கும் தெருமுனைக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பெயர் கேரம். 29 அங்குலச் சதுரம், பத்தொன்பது காய்கள், போரிக் பவுடர், தலைக்கு மேல் ஒரு பல்பு. சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். மரிய இருதயத்துக்கு 1996ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது கிடைத்தது. 2024இல் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காஸிமா வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

ஆனால் கேரத்தில் நாம் நடத்துவதெல்லாம் 'டோர்னமென்ட்'. ஃபிளெக்ஸ், ஒலிபெருக்கி, முதல் பரிசு உபயம் இன்னார். நாக்-அவுட் என்றால் பதினாறு பேரில் எட்டுப் பேர் முதல் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். மிச்சம் நிற்பவர் உபயதாரர். லீக்கில் தோற்றவனும் அடுத்த வாரம் வரவேண்டும். அதைவிட முக்கியம், அவனைத் தேடி நீங்கள் போகவேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆறு பலகைகளைச் சேர்த்து லீக் நடத்திப் பார்த்தோம். செயலாளர் நான். கணக்கு எளிது: ஆறு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடு உள்ளே ஒருமுறை வெளியே ஒருமுறை, மொத்தம் முப்பது ஆட்டம். முதலில் உதைத்தது ஷிஃப்ட். ஏ, பி, நைட் என்று வாராவாரம் மாறுகிறவனுக்குத் தேதி போட்ட அட்டவணை வெறும் காகிதம். எனவே தேதியை எடுத்துவிட்டு வாரத்தைப் போட்டோம். அணிக்கு எட்டுப் பெயர், அதில் வந்த நான்கு பேர் ஆடலாம். பாஷை பிரச்சினையே இல்லை. தெலுங்கில் காய் எண்ணினார்கள், கன்னடத்தில் திட்டிக்கொண்டார்கள், தமிழில் சமாதானம் ஆனார்கள். ஆறு பலகையிலும் ஒரு பெண் பெயர்கூட இல்லை. இதையும் எழுதித் தொலைக்கவேண்டும்.

சாண்ட்விச்சுக்குப் பதில் டீயும் போண்டாவும் என்று விதி எழுதியிருந்தேன். மூன்றாவது வாரம் ஊர் அணி ஒன்று காலனிப் பலகைக்குப் போனது. ஆடினார்கள், ஜெயித்தார்கள், கைகுலுக்கினார்கள். டீ வந்தபோது நான்கு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்ணா." காலனிப் பையன்கள் பதில் ஆட்டத்துக்கு ஊருக்குப் போனபோது எல்லாருக்கும் காகிதக் கப். அதற்கு முந்தைய வாரம் வேறோர் அணிக்கு அதே இடத்தில் எவர்சில்வர் டம்ளர். இரட்டை டம்ளர் ஒழிந்ததா, காகிதமாகி எல்லார் கையிலும் வந்துவிட்டதா என்று அன்றைக்கு யோசித்தேன்.

கூட்டம் போட்டோம். ஒருவர் பொதுவான மைதானத்தில் ஆடலாம், டீயே வேண்டாம் என்றார். லீக் பிழைத்திருக்கும், ஆனால் எதற்காக ஆரம்பித்தோமோ அது போயிருக்கும். நான் என் பங்குக்கு ஒரு முட்டாள்தனம் செய்தேன்: விருந்தாளி அணி டீ குடிக்காவிட்டால் ஒரு பாயின்ட் குறைப்பு என்று தீர்மானம் கொண்டுவந்தேன். காலனி அணித் தலைவன்தான் எழுந்து எதிர்த்தான். "பாயின்ட்டுக்காக யாரும் எங்க டீயைக் குடிக்க வேணாம்ணா."

தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். முப்பதில் இருபத்திரண்டு ஆட்டம்தான் நடந்தது. நின்றுபோன எட்டில் நான்கு காலனியில் நடக்கவேண்டியவை. இந்த வருஷ அட்டவணையில் முதல் வாரத்தையே அங்கே வைத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறேன். இதுவரை நான்கு அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன.