வைக்கோல் தேடும் பறை

வாடிப்பட்டி பக்கத்துக் காலனி ஒன்றுக்கு நாம் போய்ச் சேர்ந்தபோது காலை 7 மணி. அந்தப் பறைக் கலைஞர் வாசலில் உட்கார்ந்து, வைக்கோல் உருளைகளோடு போன டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூராம் மாட்டுப் பண்ணைக்குப் போகுது தம்பி. ஒரு கத்தை கேட்டா, கட்டைப் பிரிக்க முடியாதுங்கிறான்" என்றார்.

தோல் பறையை அடிக்கும் முன் தீயில் காய்ச்ச வேண்டும். தோல் இறுகினால்தான் ஓசை கணீரென்று வரும். விறகுத் தீ பொசுக்கிவிடும். வைக்கோல் தீ சட்டென்று எரிந்து சட்டென்று அடங்கும், அந்தச் சூடுதான் பதம். அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோல் வயலிலேயே உருளையாகி லாரி ஏறிவிடுகிறது. இப்போது தென்னை ஓலையையும் பழைய செய்தித்தாளையும் வைத்துக் காய்ச்சுகிறார். "ஒங்க பேப்பர் நல்லா எரியுது" என்று சிரித்தார். நாமும் சிரித்து வைத்தோம்.

வயது எழுபதைத் தொடும் அவருக்கு ஊரின் மாற்றமெல்லாம் பறை வழியாகத்தான் தெரிகிறது. மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகடு அடித்து இணைத்து, புளியங்கொட்டைப் பசையில் கன்றுத் தோலை ஒட்டிச் செய்த பறை அவருடையது. கட்டை, வாய்க்கால் கரையில் நின்ற பூவரசு. அந்தக் கரையில் இன்று மரமே இல்லை, பையன்கள் இரும்பு வளையத்துக்குப் போய்விட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்றுக்குத் தோல் தொய்ந்து, அரை மணிக்கு ஒருமுறை தீ கேட்கும். பைபர் பறைக்கு அந்தத் தொல்லை இல்லை. "அதுக்கு மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது. எனக்கு அதோட பேச்சு ஒத்துவரல" என்கிறார்.

ஊரைப் பற்றிக் கேட்டதும் குரல் இறங்கியது. அவருடைய அப்பா காலத்தில் ஊருக்குள் சாவு விழுந்தால் அடிப்பதோடு, உறவுக்காரர் ஊர்களுக்கு நடந்தே போய்ச் செய்தியும் சொல்ல வேண்டும். கூலி, அறுவடை முடிந்ததும் களத்தில் அளக்கும் நெல். "இவ்வளவு வேணும்னு கேட்டா குத்தம். வரலைன்னா அதைவிடக் குத்தம்." இருபது வருடங்களுக்கு முன், ஊர்ச் சாவுக்கு இனி அடிப்பதில்லை என்று காலனியில் கூடி முடிவெடுத்தார்கள். அந்தப் போகம் முழுக்க வயல் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை.

பறையை விட்டொழிக்க வேண்டும் என்பவர்களும், அதை நம் கலையாகத் தலைநிமிர்ந்து அடிக்க வேண்டும் என்பவர்களும் தலித் இயக்கங்களுக்குள்ளேயே உண்டு. இருதரப்பிலும் நியாயம் இருக்கிறது. மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் பறையைப் புகழ்வதில் மட்டும் நமக்கு உடன்பாடில்லை. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது இந்தத் தெருவிலும் மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். "மறுநாளே ஒருத்தர் போன் போட்டு, 'ஒரு சாவு இருக்கு, நாலு பேரு வாங்கடா'ன்னாரு."

போன தை மாதம் ஊருக்குள் ஒரு விவசாயி இறந்தார். சின்ன வயதில் இருவரும் ஒன்றாக மாடு மேய்த்தவர்கள். வேலை நிறுத்திய அந்தப் போகத்தில், இருட்டிய பிறகு வந்து ஒரு மூட்டை நெல்லை இறக்கிவிட்டுப் போனவரும் அவர்தான். அவருடைய மகன் வந்து அடிக்கக் கூப்பிட்டபோது பெரியவர் மறுத்துவிட்டார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு, மாலை வாங்கிக்கொண்டு வெறும் கையோடு போனார். தெரு முனையில் ஒருவர், "பறை எங்கே?" என்று கேட்டார். "கூட்டாளியப் பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மாலையைப் போட்டிருக்கிறார். யாரும் தடுக்கவில்லை. "அடிச்சிருக்கலாமோன்னு ராத்திரி பூராம் நெனப்பு. அவனுக்குன்னா அடிக்கலாம். ஊருக்குன்னா எப்பிடி அடிக்க?" என்றவர், வெகுநேரம் பேசவில்லை.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்குப் பறை கற்க ஆசை. சரக்கு வண்டி ஓட்டும் மகனுக்கு அது பிடிக்கவில்லை. பள்ளியில் தன்னை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதை அவர் மறக்கவில்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையடித்து ஆடுவதைச் செல்போனில் பார்த்துப் பார்த்து, அந்தப் பிள்ளை சோற்றுத் தட்டில் அடித்துப் பழகியிருக்கிறாள்.

நம் கையிலிருந்த நாளிதழை வாங்கிக் கொளுத்தி, பெரியவர் பறையைக் காய்ச்சினார். பேத்தியைக் கூப்பிட்டு மாட்டிவிட்டார். வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் சிண்டுக்குச்சி என்பது வழக்கம். இடக்கைப் பழக்கமுள்ள அவள் மாற்றிப் பிடித்தாள். அவர் திருத்தவில்லை. இரண்டாவது சுற்று அடிக்கும்போது மகனுடைய வண்டி வந்து நின்றது. அவள் குச்சிகளைத் தாத்தாவிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

மகன் இறங்கி, தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினார். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.