கல்வெட்டுப் படத்தை எவ்வளவு சுருக்கலாம்?

வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. கதிர்காமப் பாத யாத்திரை போகிறவர்களின் வழியில் உள்ள தலம் என்பதால் கைபேசியில் படம் எடுப்பவர்களுக்கும் அங்கே குறைவில்லை. அந்தக் கல்வெட்டை 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தால் படத்தில் 4000-க்கு 3000 புள்ளிகள் இருக்கும். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 36 எம்பி. கைபேசியோ அதைச் சில எம்பி ஜேபெக் கோப்பாக்கிவிடுகிறது.

மீதி எங்கே போயிற்று? வெளிச்ச வேறுபாட்டைப் பிடிக்கும் அளவுக்கு நிற வேறுபாட்டை நம் கண் பிடிப்பதில்லை. ஆகவே வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகக் குறித்தாலே கோப்பு பாதியாகும். அடுத்து, படம் 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிகிறது. பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் 1974-இல் வெளியிட்ட கணித முறைதான் இங்கே வேலை செய்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் மெல்ல மாறும் அலைகள், சட்டென்று மாறும் அலைகள் என்று அது பிரித்துக் காட்டும். சட்டென்று மாறுபவற்றின் அளவுகளைத் தோராயமாக்கினால் பல பூச்சியமாகிவிடும். பூச்சியங்களை எழுத இடம் அதிகம் தேவையில்லை.

வானமும் கோபுரமும் இதைத் தாங்கும். கல்வெட்டு தாங்காது. தேய்ந்த எழுத்தின் விளிம்பு அந்த நுண்மையான மாற்றங்களில்தானே இருக்கிறது!

கூகுள் 2010-இல் கொண்டுவந்த வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவம், ஏறக்குறைய அதே தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறியது என்கிறது அந்நிறுவனம். 2019-இல் வந்த ஏவிஐஎஃப் பெரும்பாலும் அதையும்விடச் சிறிதாக்கும். பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு ஒரு கட்டம் எப்படியிருக்கும் என்று ஊகித்து, ஊகம் தவறிய அளவை மட்டும் எழுதிவைப்பது இவற்றின் வழி. டேட்டாவை அளந்து செலவழிப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. ஜேபெக்கை மிகையாகச் சுருக்கினால் கட்டங்கள் பல்லிளிக்கும். படம் கெட்டது உடனே தெரியும். ஏவிஐஎஃப்பை மிகையாகச் சுருக்கினால் கல் வழவழப்பாக, அழகாகவே தெரியும். மங்கிய கோடு இருந்த தடமே இராது.

அழகாகத் தெரிந்தும் பிழையாகும் என்பதை 2013-இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் கண்டுபிடித்தார். சில ஜெராக்ஸ் ஸ்கேனர்கள், ஒத்த வடிவங்களை ஒன்றாகவே எண்ணிச் சுருக்கும் முறையால், 6 இருந்த இடத்தில் துல்லியமான 8-ஐப் பதித்திருந்தன. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலும், ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு காட்டாமலும் எழுதும் பழங்கல்வெட்டு மரபில் ஒரு சிறு கீறலும் வாசிப்பை மாற்றிவிடும்.

ஆகவே இரண்டு பிரதிகள் வேண்டும். இணையப் பக்கத்துக்கு முதலில் படத்தை 1200-க்கு 900 புள்ளிகளாகக் குறையுங்கள். புள்ளிகள் பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். பிறகு வெப்பியாக மாற்றலாம். கேமரா தந்த மூலக் கோப்பை அப்படியே தனியே வையுங்கள். பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டம் இழப்பில்லாத டிஃப் கோப்புகளைக் கேட்பதும் இதற்காகத்தான். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைக் கொடுக்காதீர்கள். எடுத்தவரிடமே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.