மாய உலகிற்காக வடித்த கண்ணீர்

இல்லாத ஒருவன் இறந்தான் என்று, இருப்பவர் ஒருவர் கண்ணீர் வடிப்பது பேதைமை அன்றோ எனச் சிலர் நகைப்பதுண்டு. கண்டியைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களில் காமன் கூத்தைக் கண்டவர்கள் அவ்வாறு நகைக்கமாட்டார்கள். மாசித் திங்களில் தொடங்கும் அக்கூத்திலே சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிகிறான்; இரதி புலம்புகிறாள். மன்மதனாக வேடம் புனைந்தவர் மறுநாட் காலையில் கவ்வாத்துக் கத்தியுடன் மலைக்குச் செல்லப் போகிறவர் என்பதைச் சுற்றியிருக்கும் யாவரும் அறிவர். எரிந்த காமன் மீண்டும் எழுப்பப்படுவான் என்பதையும் அறிவர். அறிந்தும் அழுகின்றனர். கதை பொய்யாயினும் அதனால் எழும் உணர்ச்சி மெய் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அந்தக் கண்ணீரோடு உறவுடைய மற்றொரு கண்ணீரைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். அது கூத்துக் களத்தில் அன்று, தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முன்னிலையில் வடிக்கப்பட்டது.

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்னும் அமெரிக்க விஞ்ஞானப் புனைகதைத் தொடரை நம் மாணவர்களுள் அறியாதார் சிலரே. மாட் டஃபர், ராஸ் டஃபர் என்னும் இரட்டைச் சகோதரர் படைத்த இத்தொடர், 2016ஆம் ஆண்டு ஜூலை 15ஆந் திகதி நெட்ஃபிளிக்ஸில் வெளிவரத் தொடங்கியது. இந்தியானா மாநிலத்தில் ஹாக்கின்ஸ் என்னும் கற்பனைச் சிற்றூர். காலம் 1980களின் நடுப்பகுதி. அங்குள்ள இரகசிய ஆய்வுகூடத்தின் செயலால் வேறோர் உலகிற்கு வாயில் திறந்துவிடுகிறது. அவ்வுலகிலும் அதே தெருக்கள், அதே வீடுகள். ஆனால் வெளிச்சமில்லை, மனிதரில்லை. கொடிகள் படர்ந்த அந்த இருட்டில் கொடிய உயிர்கள் உலவுகின்றன. அதற்குத் ‘தலைகீழ் உலகம்’ எனப் பெயரிட்டு, மிதிவண்டியேறித் திரியும் சில சிறுவரும் சிறுமியரும் அதனோடு போராடுகின்றனர்.

கண்டியில் வாழும் நமக்கு இக்கற்பனை முற்றிலும் அந்நியமானதன்று. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. மகாவலியின் குறுக்கே 122 மீற்றர் உயரத்தில் எழுந்த அணை 1985இல் திறந்து வைக்கப்பட்டது. நகரத்து மக்கள் மேட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்தனர். கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய ஊரின் இடிபாடுகள் தலைகாட்டும். நம் காலடியில் இன்னோர் ஊர் இருக்கிறது என்ற எண்ணம் தரும் மருட்சியை அக்கரையில் நின்று பார்த்தவர் அறிவர்.

இத்தொடரின் நான்காம் பருவத்து இறுதி அத்தியாயம் 2022ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி, வெள்ளிக்கிழமை, நம் நாட்டு நேரப்படி நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு வெளியாயிற்று. அந்நாட்களை இலங்கையர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்நியச் செலாவணி வற்றியது. எரிபொருள் இறக்குமதி தடைப்பட்டது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஜூன் மாத இறுதியிலோ அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. விக்டோரியாவின் மின்னிலையம் அருகிலே இருந்தும் கண்டி நகரம் முறைவைத்து இருளில் மூழ்கியது. பாடசாலைகள் மூடப்பட்டன. மண்ணெண்ணெய்க்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் வரிசையில் காத்துக் கிடந்தனர்.

ஆதலால் அன்று பகலில் வெளிவந்த அத்தியாயத்தை எங்கள் வீட்டில் மறுநாள் இரவிலேதான் காண முடிந்தது. பத்தாம் வகுப்பில் பயிலும் என் அண்ணன் மகளும் நானும் மடிக்கணினியின் முன் அமர்ந்தோம். மின்கலத்தில் மிஞ்சியிருந்த சக்தி போதுமோ போதாதோ என்ற கவலை வேறு. தங்கள் வீட்டில் மின்சாரம் இல்லாமையால் அடுத்த வீட்டுச் சிங்களச் சிறுமியும் வந்து சேர்ந்தாள். இரண்டேகால் மணி நேரத்திற்கும் நீண்ட அந்த அத்தியாயம் முடிந்தபோது மூவர் முகமும் நனைந்திருந்தன.

எதற்காக அழுதோம்? கோரமான பூதத்தைக் கண்ட அச்சத்தினாலா? அன்று. எடி மன்சன் என்றொரு வாலிபன். நீண்ட கேசமும் இரைச்சல் மிகுந்த இசையில் நாட்டமும் உடையவன். பள்ளியிறுதித் தேர்வில் தேறாதவன். ஊரில் நிகழ்ந்த கொலைக்கு அவனே காரணம் என்றும், அவன் சாத்தானை வழிபடுபவன் என்றும் ஊரார் பழி சுமத்தி வேட்டையாடுகின்றனர். இறுதி அத்தியாயத்தில் அவனே தலைகீழ் உலகில் ஒரு கூரைமேல் ஏறி நின்று, மெட்டாலிக்கா குழுவினரின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ என்னும் பாடலைக் கிதாரில் வாசித்துக் கொடிய வௌவால்களைத் தன்பால் ஈர்க்கிறான். தன்னைத் துரத்திய ஊரைக் காப்பதற்காகத் தோழன் டஸ்டினின் கரங்களிலே உயிர் துறக்கிறான்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அழுகை பிறப்பதற்கு நான்கு காரணங்கள் கூறப்பட்டுள்ளன: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது இளிவு. உரியவரை இழப்பது இழவு. முன்னிருந்த நிலையினின்று தளர்ந்து வருந்துவது அசைவு. வறுமைக்கு விளக்கம் வேண்டியதில்லை. பகைவனாகிய வெக்னாவின் பிடியில் சிக்கிய மாக்ஸ் என்னும் சிறுமியோ கைகால் முறிந்து, பார்வை இழந்து, ஒரு நிமிடத்திற்கு மேல் இதயமும் நின்று, பின் நினைவற்றுக் கிடக்கிறாள். சறுக்குப் பலகையில் பறந்து திரிந்தவள் அவள். எடிக்கு நேர்ந்தது இளிவும் இழவும். மாக்ஸுக்கு நேர்ந்தது அசைவு. நான்காவதாகிய வறுமை திரைக்கு வெளியே, எங்கள் அடுக்களையிலும் தெருவிலும் இருந்தது. நான்கு காரணங்களும் ஓரிரவில் ஒன்றுகூடின என்றே சொல்லவேண்டும்.

எனினும், எங்களை முற்றாக உடைத்தது எடியின் மரணமன்று. அதன்பின் வந்த ஒரு சிறு காட்சி. ஊர் பிளந்து கிடக்கிறது. பூமி அதிர்ச்சி என்று மக்கள் நம்புகின்றனர். புகலிடமாகிய பள்ளிக்கூடத்தில், காணாமற்போன தன் பிள்ளையின் படத்தை எடியின் சிறிய தந்தையார் சுவரில் ஒட்டுகிறார். டஸ்டின் நொண்டியவாறு அவரிடம் சென்று, அவன் இறந்துவிட்டான் என்பதைத் தெரிவிக்கிறான். அவன் ஓடி ஒளியாது போராடினான், அவனை வெறுத்த மக்களையே காத்தான் என்று சாட்சி கூறுகிறான். முதியவர் குலுங்கி அழுகிறார். பூதமில்லை, மந்திரமில்லை, விஞ்ஞானமில்லை. பழிசுமந்து மறைந்தவனுக்காக உண்மை கூற ஒருவன் இருந்தான், அவ்வளவே.

அடுக்களையிலிருந்து வந்த என் தாயார் பேத்தியின் முகத்தைப் பார்த்துத் திகைத்தார்.

“ஏன் கண்ணு அழுவுற? யாரு செத்தது?”

“எடி, அப்பாயி. அவனை எல்லாரும் கெட்டவன்னு நெனச்சாங்க. ஆனா அவன்தான் ஊரைக் காப்பாத்துனான்.”

தாயார் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், “அவன் வீட்டாளுங்களுக்கு அது தெரிஞ்சிச்சா?” என்று வினவினார். தெரிந்தது என்றாள் குழந்தை. “அப்படின்னா சரி” என்று சொல்லிவிட்டு விளக்கைத் தேடப் போனார். ஓர் அத்தியாயமும் பார்த்திராத அவர், அக்கதையின் உயிர்நிலையைத் தொட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

விஞ்ஞானப் புனைகதை என்பது இயந்திரங்களையும் விந்தைகளையும் பற்றியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மருட்கை என்னும் மெய்ப்பாடு அதன் வாயிலே என்பது உண்மை. அவ்வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் நாம் காண்பது மிகப் பழைய மனித நெஞ்சத்தையே. 1985இல் கேட் புஷ் பாடிய ‘ரன்னிங் அப் தட் ஹில்’ என்ற பாடல் மாக்ஸை மீட்கும் பாடலாக இத்தொடரில் ஒலித்தமையால், 37 ஆண்டுகளின் பின் 2022 ஜூனில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. தாயார் இளமையில் கேட்டிருக்கக்கூடிய பாட்டை மகள் தன் துயருக்குத் துணையாகக் கொண்டாள். இதுவும் ஒரு விந்தைதான்.

பருவ இறுதி என்பது முடிவுமன்று, தொடக்கமுமன்று. விடை கூறாத பிரிவு. 1990 ஜூன் 18இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் ஒரு பருவம், தலைவன் பிக்கார்ட் பகைவரின் கருவியாக மாற்றப்பட்ட நிலையில் நின்றது. செப்டெம்பர் 24 வரை இரசிகர் காத்திருந்தனர். மாக்ஸ் கண் விழிப்பாளா என்று அறிய நாங்கள் காத்திருந்ததோ மூன்றாண்டுகளுக்கு மேல். ஐந்தாம் பருவம் 2025 நவம்பரில் தொடங்கி, 2026 புத்தாண்டுக் காலையில் நம் நாட்டில் நிறைவெய்தியது. இதற்கிடையில் வரிசைகள் மறைந்தன, விளக்குகள் திரும்பின, பத்தாம் வகுப்பு மாணவி உயர்தரப் பரீட்சையையும் கடந்துவிட்டாள். விடை கிடைக்காத ஒரு கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டே அன்றாட வேலைகளைச் செய்து வாழப் பழகுவதும் ஒரு கல்வியே.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை திரையின் முன் கண் கலங்கி இருக்கக் கண்டால், “வெறும் கதைக்கா அழுகிறாய்?” என்று கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து, இறந்தவன் யார், அவன் என்ன செய்தான் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் மறுமொழியில், அது எவற்றை அநீதி என்று கருதுகிறது, எவரை இழக்க அஞ்சுகிறது என்பதெல்லாம் உங்களுக்கு விளங்கும்.