நிமிரட்டும் பிள்ளை முதுகு!

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளியைக் கேளுங்கள். ஈரமண் கோணினால் கையாலே நிமிர்த்தலாம். சூளையிலே வெந்தபின் முடியுமா? பிள்ளைப் பருவத்துப் பழக்கமும் அப்படித்தான்.

பைச்சுமை மிகுந்தால் பிள்ளை முன்னே சாய்கிறது, தோள் நோகிறது. ஒற்றைத் தோளிலே மாட்டினாலோ உடல் ஒருபுறம் கோணுகிறது. இது புதிய குறையா? இல்லை! எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1989-ல் மாநிலங்களவையிலே இதற்காகவே வாதாடினார். 1993-ல் யஷ்பால் குழு அறிக்கை தந்தது. 2012-13-ல் தமிழகம் முப்பருவ முறையால் பாடப் புத்தகத்தை மூன்றாகப் பிரித்தது. 2020-ல் மத்திய அரசின் புத்தகப்பைக் கொள்கை, பிள்ளையின் எடையிலே பத்தில் ஒரு பங்குக்குமேல் பை கனக்கக் கூடாது என்றது; பள்ளியிலே எடைக்கருவி வைக்கவும் சொன்னது.

விதி ஏட்டிலே இருந்தால் போதுமா? தராசிலே ஏற வேண்டாமா?

நல்லூர் ஒன்றியத்துப் பள்ளிகள் மாதம் ஒருநாள் ஒதுக்கட்டும். பிள்ளையை நிறுங்கள், பையையும் நிறுங்கள். 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோவே எல்லை. இரு தோளிலும் பட்டை மாட்டியிருக்கிறதா? உட்கார்ந்தால் பாதம் தரையிலே படிகிறதா? நெடுநேரம் குனிந்தே எழுதுகிறதா? ஓடியாட நேரம் உண்டா? கண்டதைக் குறித்துப் பெற்றோரிடம் காட்டுங்கள்.

செலவு என்ன? ஒரு தராசு! வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு வண்டி வரும். ஏழை வீட்டுப் பிள்ளையல்லவா நடந்தே சுமக்கிறது!

எவர் முன்னும் முதுகு வளையாதே என்று ஊருக்குச் சொன்ன இயக்கம் நாம். நம் பிள்ளை புத்தகப்பைக்கு வளையலாமா?