கொப்புளம் சொல்லும் சேதி

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் டத்தோ கிராமாட் சாலையோரம் நின்றால் வெள்ளித் தேரை நெருங்கிப் பார்க்கலாம். 1894-இல் காரைக்குடியில் செய்து பினாங்குக்குக் கப்பலேறி வந்த தேர். உள்ளே மரம், மேலே வெள்ளித் தகடு. மரத்தில் இழைப்பு சரியில்லை என்றால் தகடு அதை அப்படியே காட்டிவிடும். காடிக்கு வினைல் ஸ்டிக்கர் போர்த்துவதிலும் இதே நியாயம்தான்.

தெரிந்த தம்பி ஒருவர் தன் மைவி காடிக்கு முன் பம்பரை வீட்டிலேயே ஃபைபரில் வார்த்து, பட்டி போட்டுத் தேய்த்து, பளபளக்கும் கறுப்பு வினைலை ஒட்டினார். மறுநாள் மத்தியானம் கூப்பிட்டார். “அண்ணே, ராத்திரி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இப்ப அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு.” போய்ப் பார்த்தேன். மிளகளவு கொப்புளங்கள். ஒன்றை ஊசியால் குத்தி அழுத்தினேன், படிந்தது. மாலைக்குள் பக்கத்திலேயே இன்னொன்று எழும்பியிருந்தது.

“ஸ்டிக்கர் மட்டமா அண்ணே?” என்று கேட்டார். ஸ்டிக்கர் மேல் குற்றமே இல்லை.

வினைல் என்பது பிவிசி. அது இயல்பிலேயே விறைப்பான பிளாஸ்டிக். அதை இளக்கி வளையவைக்கும் வழியை 1926-இல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ சீமன் கண்டார். காடிக்கு ஒட்டும் நல்ல வினைலை உருளையில் நசுக்கி இழுப்பதில்லை. திரவமாக ஊற்றி அடுப்பில் உலர்த்துகிறார்கள். இழுபடாமல் பிறந்ததால் அதற்குப் பழைய உருவத்துக்குச் சுருங்கும் ஆசை குறைவு. தடிமன் சுமார் 50 மைக்ரான், ஒரு தலைமுடிகூட இல்லை. இத்தனை மெல்லிய தோல் எதை மறைக்கும்? அடியில் மணல் துகள் இருந்தாலும் மேலே மேடு தெரியும்.

கொப்புளத்தின் வேர் ஃபைபரில் இருக்கிறது. பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற ஆவியாகும் திரவம் கலந்திருக்கும். பட்டறையில் மூக்கைத் துளைக்கும் வாசம் அதுதான். ஹார்ட்னர் சேர்த்ததும் ஸ்டைரீன் ரெசின் சங்கிலிகளைப் பிணைத்துக் கெட்டியாக்குகிறது. ஹார்ட்னரின் அளவு எடையில் 1 முதல் 2 விழுக்காடு. பினாங்கு வெக்கையில் கலவை கண்மூடித் திறப்பதற்குள் இறுகிவிடுவதால், அவசரத்துக்குப் பயந்து பலர் அளவைக் குறைத்து ஊற்றுகிறார்கள். தம்பியும் அதைத்தான் செய்தார். கை வைத்தால் கல் மாதிரி இருக்கும், உள்ளே மட்டும் பிணையாத ஸ்டைரீன் தங்கிவிடும். வெயில் பட்டதும் அது மேலே வரப் பார்க்கும். வெளியேற வழியில்லாமல் வினைல் மூடியிருக்கும்.

பட்டியில் விட்டுப்போன ஊசித்துளைகளும் சேர்ந்துகொள்கின்றன. 28 பாகை செல்சியஸில் அடைபட்ட காற்று 70 பாகைக்குச் சூடேறினால் ஏழில் ஒரு பங்கு விரியும். பினாங்கின் ஜார்ஜ் டவுன் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கறுப்பு பம்பருக்கு 70 பாகை பெரிய விஷயமல்ல.

இன்னொரு கள்ளனும் உண்டு, மெழுகு. அச்சிலிருந்து எளிதாகக் கழற்றப் பூசுவது ஒன்று. ரெசின் மேல்பரப்பு பிசுபிசுக்காமல் இறுக, அதற்குள்ளேயே கலப்பது இன்னொன்று. இரண்டுமே பசைக்கு எதிரி. துடைத்துக் கழுவி, பிறகுதான் தேய்க்க வேண்டும். முதலில் தேய்த்தால் உப்புத்தாளே மெழுகைக் கீறல்களுக்குள் இழுத்துச் சென்றுவிடும்.

தம்பி வினைலை உரித்தார். பசையில் ஸ்டைரீன் நெடி தெளிவாக அடித்தது. பம்பரை இரண்டு வாரம் வெயிலில் போட்டார். ஊசித்துளைகளை அடைத்து, பிரைமர் அடித்து, அது முழுதாகக் காயும்வரை இன்னும் ஒரு வாரம் விட்டார். பிறகு முழுதும் ஒட்டவில்லை. உள்ளங்கையளவு ஒரு துண்டை மட்டும் ஒட்டி, ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்தார்.

சாயங்காலம் படம் அனுப்பினார். துண்டில் தெருவிளக்கு வளையாமல் தெரிந்தது. “அண்ணே, நாளைக்கு ஹீட் கன் எடுத்துட்டு வாங்க.”